மெயின்ஃபிரேமில் ஓப்பன் சோர்ஸ்: மேலாளருக்கு என்ன எழுதித் தருவது?

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஒரு சேவை நிறுவனத்தில் 9 வருடமாக மெயின்ஃபிரேமில் (பெரிய நிறுவனங்களின் மையக் கணினி) கோபோல் மொழி, வேலைகளை வரிசையாக ஓட்டச் சொல்லும் ஜேசிஎல், திரைவழிப் பரிவர்த்தனைகளை நடத்தும் சிஐசிஎஸ் ஆகியவற்றில் வேலை பார்க்கிறேன். எங்கள் கிளையண்ட் அமெரிக்காவில் ஒரு காப்பீட்டு நிறுவனம். அவர்களிடம் இருப்பது ஐபிஎம்-இன் இசட்14 மெயின்ஃபிரேம் மெஷின். அதன் இயங்குதளமான இசட்/ஓஎஸ்-இன் லைசென்ஸ் செலவு ஏறிக்கொண்டே போவதால், அதே மெஷினில் ஓடக்கூடிய ஓப்பன் சோர்ஸ் இயங்குதளங்களை மதிப்பிட்டு மூன்று வாரத்தில் அறிக்கை தரச் சொல்கிறார் மேலாளர். தேடினால் ஏகப்பட்ட பெயர்கள் வருகின்றன. லினக்ஸ் எனக்குக் கல்லூரியோடு சரி. எங்கள் கோபோல் புரோகிராம்கள் அதில் ஓடுமா? சோதித்துப் பார்க்க எங்களிடம் மெஷினும் கிடையாது. எங்கிருந்து தொடங்குவது, சார்?

பதில்: முதலில் ஒன்றைப் பளிச்சென்று சொல்லிவிடுகிறேன், இதை நீங்கள் அறிக்கையின் முதல் பத்தியிலேயே எழுதியாக வேண்டும். இசட்/ஓஎஸ்-ஐக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அப்படியே மாட்டக்கூடிய ஓப்பன் சோர்ஸ் இயங்குதளம் எதுவும் இன்றைக்கு இல்லை. உங்கள் மேலாளர் மனதில் இருப்பது அதுதான் என்றால், மூன்று வாரம் கழித்துச் சொல்வதைவிட இந்த வாரமே சொல்லிவிடுங்கள். இசட்/ஓஎஸ் இருக்கட்டும், அதன் பக்கத்திலேயே அதே பெட்டிக்குள் லினக்ஸை ஓட்டி, எந்தெந்த வேலையை அங்கே நகர்த்தினால் செலவு குறையும் என்று பார்ப்பதுதான் உண்மையில் செய்யக்கூடிய மதிப்பீடு. அதற்கு மூன்று வாரம் போதும், ஒழுங்காகச் செய்தால்.

தேடும்போது வந்த பெயர்களைப் பற்றி. எம்விஎஸ் 3.8ஜே என்று ஒன்று பார்த்திருப்பீர்கள், இன்றைய இசட்/ஓஎஸ்-இன் தாத்தா அது. 1981 வாக்கில் நின்றுபோன வடிவம், பொதுச் சொத்தாகக் கிடைக்கிறது. ரோஜர் பௌலர் 1999-இல் வெளியிட்ட ஹெர்குலிஸ் எமுலேட்டரில் (மெயின்ஃபிரேம் போல நடிக்கும் மென்பொருள்) அதை உங்கள் மடிக்கணினியிலேயே ஓட்டலாம். ஆனால் அது 24 பிட் முகவரி, ஒரு புரோகிராமுக்குத் தெரியும் மெமரி மொத்தமே 16 எம்பி, அதில் உள்ள கோபோல் கம்பைலர் நீங்கள் எழுதும் கோபோலுக்குப் பல தலைமுறை மூத்தது. பழைய விஎம்/370 இயங்குதளமும் அதே மாதிரிதான். மிச்சிகன் டெர்மினல் சிஸ்டம் என்று எம்டிஎஸ், அதுவும் திறந்துவிடப்பட்டிருக்கிறது. ஓப்பன் சொலாரிஸைக்கூட 2008 வாக்கில் மெயின்ஃபிரேமில் ஓட்டிக் காட்டினார்கள், அந்த முயற்சி தொடரவில்லை. இவை எல்லாவற்றின் மேலும் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, வார இறுதியில் எம்விஎஸ் 3.8-ஐ ஒருமுறை ஏற்றிப் பாருங்கள், தினமும் நாம் எழுதும் ஜேசிஎல் எங்கிருந்து வந்தது என்று புரியும். ஆனால் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி கணக்கை இதில் எதிலும் வைக்க முடியாது. அறிக்கையில் இந்தக் கூட்டத்துக்கு ஒரு பத்தி போதும்.

மிச்சம் இருப்பது லினக்ஸ். ஜெர்மனியில் பேப்லிங்கன் ஊரிலுள்ள ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் எஸ்/390 என்ற அன்றைய மெயின்ஃபிரேமுக்காக லினக்ஸை மாற்றி எழுதி, 1999 டிசம்பரில் அந்த மூலநிரலை வெளியிட்டார்கள். அடுத்த வருடமே சூசே நிறுவனம் வணிகப் பதிப்பைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு ஓடிவிட்டது, ஆகவே இது பரிசோதனைச் சரக்கு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். லினக்ஸ் உலகில் இந்த மெஷினுக்குப் பெயர் எஸ்390எக்ஸ். எந்த மென்பொருளைத் தேடினாலும் இந்தச் சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள், அடுத்த மூன்று வாரத்துக்கு உங்களுக்கு மிகவும் வேண்டிய சொல் இதுதான்.

எந்த லினக்ஸ்? ஐபிஎம் தன் மெஷினில் சோதித்துப் பட்டியல் போட்டிருப்பவை மூன்று: ரெட்ஹாட், சூசே, உபுண்டு. டெபியன், ஃபெடோரா, அல்பைன், அல்மாலினக்ஸ், ராக்கி ஆகியவற்றுக்கும் எஸ்390எக்ஸ் பதிப்பு உண்டு, நல்ல வேலை செய்கிறார்கள், நானே டெபியனைச் சோதனைக்கு வைத்திருக்கிறேன். ஆனால் உங்கள் கிளையண்டுக்கு நான் முதல் மூன்றைத்தான் சொல்வேன். காரணம் தொழில்நுட்பம் இல்லை. மாதக்கடைசி இரவு பேட்ச் (மொத்தமாக ஓடும் கணக்கு வேலை) ஓடும்போது டிஸ்க் இணைப்பு அறுந்து போனால், மெஷின்காரர் இயங்குதளத்தைக் கைகாட்ட, இயங்குதளக்காரர் மெஷினைக் கைகாட்ட, நடுவில் நைட் ஷிஃப்டில் உட்கார்ந்திருக்கும் உங்கள் டீம்தான் அழைப்பில் மாட்டும். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட பதிப்பாக இருந்தால் அந்தப் பேச்சு சீக்கிரம் முடியும்.

மூன்றில் எது என்றால், கிளையண்ட் தன் மற்ற சர்வர்களில் ஏற்கெனவே எதற்குச் சந்தா கட்டுகிறாரோ அதுவேதான். அங்கே பழகிய ஆட்கள் இருப்பார்கள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சரிபாருங்கள்: ஒவ்வொரு பதிப்பும் எந்த மெஷினிலிருந்து ஓடும் என்ற வரம்பு. ரெட்ஹாட் 8-க்கு இசட்13 இருந்தால் போதும், ரெட்ஹாட் 9-க்கு இசட்14 வேண்டும். உங்களுடையது இசட்14, அதனால் 9 ஓடும், ஆனால் சரியாக அந்த விளிம்பில் நிற்கிறீர்கள். பேரிடர் மையத்தில் கிளையண்ட் பழைய இசட்13 ஒன்றை வைத்திருந்தால் அங்கே 9 எழும்பவே எழும்பாது. இதை யாரும் முதலில் கேட்பதில்லை. டிஆர் (பேரிடர் மீட்பு) ஒத்திகை அன்றைக்குத்தான் தெரியவரும்.

அப்புறம் பணம், இதற்காகத்தானே இந்த வேலையே. மெயின்ஃபிரேமுக்குள் இருக்கும் புராசஸர்கள் எல்லாம் ஒரே ரகம் கிடையாது. இசட்/ஓஎஸ் ஓடுவது பொதுப் புராசஸரில், அதன் பயன்பாட்டை வைத்துத்தான் மாத லைசென்ஸ் கட்டணம் ஏறுகிறது. லினக்ஸுக்கென்று ஐஎஃப்எல் என்று தனி ரகம் உண்டு. அதில் இசட்/ஓஎஸ் ஓடாது, அதனாலேயே அது இசட்/ஓஎஸ் கட்டணக் கணக்கில் வராது. பொதுப் புராசஸரை வேகம் குறைத்து வாங்கியிருந்தாலும் ஐஎஃப்எல் முழு வேகத்தில்தான் ஓடும். ஆக பொதுப் புராசஸரில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலையை ஐஎஃப்எல்-க்கு நகர்த்த முடிந்தால் அதுதான் சேமிப்பு, அதே பெட்டியில் வேறு இயங்குதளம் போட்டோம் என்பதனால் மட்டும் ஒரு டாலர்கூடக் குறையாது.

இங்கே ஒரு குழி இருக்கிறது. ஜாவா வேலைகளை லினக்ஸுக்குக் கொண்டுபோகலாம் என்று எல்லா அறிக்கையிலும் முதல் வரியாக எழுதுவார்கள். உங்கள் கிளையண்டின் ஜாவா ஏற்கெனவே இசட்/ஓஎஸ்-இல் ஜிப் என்ற தனி ரகப் புராசஸரில் ஓடிக்கொண்டிருக்கலாம், அதுவும் கட்டணக் கணக்குக்கு வெளியேதான். அப்படி இருந்தால் அதை நகர்த்தி லைசென்ஸில் மிச்சம் பிடிக்க அங்கே பெரிதாக எதுவும் இருக்காது, நகர்த்தும் செலவுதான் மிஞ்சும். மாறாக, வெளியே இருபது முப்பது இன்டெல் சர்வர்களில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு கேள்விக்கும் மெயின்ஃபிரேமின் டிபி2 டேட்டாபேஸைத் தட்டுகிற வெப் அப்ளிகேஷன்கள் இருக்கிறதா என்று பாருங்கள். அவற்றைப் பெட்டிக்குள் இழுத்தால், ஹைப்பர்சாக்கெட் என்ற, பெட்டிக்குள்ளேயே இருக்கும் நெட்வொர்க் வழியாக மெமரிக்கு மெமரியாகவே பேசிக்கொள்ளும், நடுவில் கேபிளும் ஸ்விட்ச்சும் கிடையாது. ஆரக்கிள் மாதிரி கோர் எண்ணிக்கைக்கு லைசென்ஸ் வாங்கும் மென்பொருள் அங்கே நிறைய இருந்தால் கணக்கு இன்னும் நன்றாக வரும், பல சர்வர்களின் சுமையைச் சில ஐஎஃப்எல்-க்குள் அடக்கிவிடலாம் என்பதால். அதே கையோடு லினக்ஸ் சந்தாவையும் கூட்டுங்கள். ஓப்பன் சோர்ஸ் என்றாலும் சப்போர்ட் இலவசம் இல்லை, மெயின்ஃபிரேம் பதிப்பின் சந்தா சாதாரண சர்வர் சந்தாவைவிடக் கையைக் கடிக்கும்.

சரி, உங்கள் கோபோல். நீங்கள் உண்மையில் கவலைப்படுவது இதைப் பற்றித்தான் என்று கடிதத்திலேயே தெரிகிறது, நானும் இதில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். குனூகோபோல் என்று ஓப்பன் சோர்ஸ் கம்பைலர் இருக்கிறது, கோபோலை சி மொழியாக மாற்றி அங்கிருந்து கம்பைல் செய்யும். எஸ்390எக்ஸிலும் ஓடும். சாதாரண பேட்ச் புரோகிராம் ஒன்றை எடுத்தால் பெரும்பாலும் சிறு திருத்தங்களோடு கம்பைல் ஆகிவிடும், அந்த நிமிடம் மனது குதிக்கும். அங்கேதான் நிதானம் வேண்டும். சிஐசிஎஸ் கட்டளைகளை அது அறியாது, இசட்/ஓஎஸ்-இன் சாவி வைத்துத் தேடும் விசாம் ஃபைல் அப்படியே வராது, ஜேசிஎல் கிடையாது, ராக்எஃப் பாதுகாப்பு கிடையாது. இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் இடைவெளி, எப்படியும் பட்டியல் போட்டுவிடுவீர்கள். கண்ணுக்குத் தெரியாதவை இரண்டு இருக்கின்றன.

ஒன்று, வரிசை. மெயின்ஃபிரேமின் எழுத்துக் குறியீடான எப்சிடிக்கில் சிறிய எழுத்து முதலில், பிறகு பெரிய எழுத்து, கடைசியில் எண்கள். லினக்ஸின் ஆஸ்கியில் எண்கள் முதலில், பிறகு பெரிய எழுத்து, பிறகு சிறியது, முழுக்கத் தலைகீழ். உங்கள் பாலிசி எண்களில் எழுத்தும் எண்ணும் கலந்திருந்தால் (காப்பீட்டில் கலந்துதான் இருக்கும்) மாஸ்டர் ஃபைல் இசட்/ஓஎஸ்-இல் ஒரு வரிசையில் சார்ட் ஆகி வரும், டிரான்சாக்ஷன் ஃபைல் லினக்ஸில் வேறு வரிசையில் சார்ட் ஆகும். இரண்டையும் சாவி பார்த்துப் பொருத்துகிற புரோகிராம், "மாஸ்டர் சாவி பெரிது, ஆகவே பொருத்தம் இல்லை" என்று ரெக்கார்டுகளை எரர் ஃபைலில் தள்ளிக்கொண்டே போகும். அபெண்ட் ஆகாது, அதாவது பாதியில் நிற்காது. ரிட்டர்ன் கோடு பூஜ்யம், அதாவது பிழை இல்லை. காலையில் வந்து பார்ப்பவர்கள் ஜாப் நன்றாக முடிந்தது என்று நினைப்பார்கள்.

இரண்டாவது இதைவிட மோசம், இதை நான் நேரிலேயே பார்த்தேன். ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், சோதனைக்காக இசட்/ஓஎஸ்-இலிருந்து லினக்ஸுக்கு ஒரு ஃபைலை எஃப்டிபி-யில் டெக்ஸ்ட் மோடில் அனுப்பினார்கள். பெயர், ஊர் எல்லாம் அழகாக ஆஸ்கியில் வந்து நின்றது. அந்த ரெக்கார்டில் மூன்று இலக்க காம்ப்-3 ஃபீல்டு ஒன்று இருந்தது, மதிப்பு 5. காம்ப்-3 என்பது பேக்டு டெசிமல், ஒரு பைட்டில் இரண்டு இலக்கம், கடைசி அரை பைட்டில் கூட்டல் அல்லது கழித்தல் குறி; அதில் இந்த 5 இரண்டு பைட், ஹெக்ஸில் 00 5சி. அந்த 5சி எப்சிடிக்கில் நட்சத்திரக் குறி. மாற்றுகிற புரோகிராமுக்கு இது எண் என்று எப்படித் தெரியும், நட்சத்திரத்தைப் பார்த்தது, ஆஸ்கி நட்சத்திரமாக மாற்றியது, அது 2ஏ. ஆக 00 2ஏ. ஏ என்பதும் செல்லுபடியாகும் கூட்டல் குறிதான், அதனால் ஃபீல்டைப் படித்த புரோகிராம் எந்தப் புகாரும் இல்லாமல் 2 என்று எடுத்துக்கொண்டது. 5 தவணை பாக்கி 2 தவணை ஆகிவிட்டது. அனுப்பிய ஃபைல், வந்த ஃபைல் இரண்டின் கூட்டுத்தொகையையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பழக்கம் உள்ள ஒரு பெண் அந்த டீமில் இருந்ததால்தான் பிடிபட்டது. காம்ப்-3 உள்ள எந்த ஃபைலையும் பைனரி மோடில் அனுப்புங்கள், காப்பி புத்தகத்தை (ரெக்கார்டின் ஃபீல்டு அமைப்பு எழுதிய கோப்பு) வைத்து ஃபீல்டு ஃபீல்டாக மாற்றுங்கள். உங்கள் சோதனையில் இந்த ஒரு ஃபைல் கண்டிப்பாக இருக்கட்டும்.

இன்டெல் பக்கமிருந்து வரும் மென்பொருளுக்கும் இதே மாதிரி ஒரு சிக்கல் உண்டு. இன்டெல் மெஷின் எண்ணின் சின்ன பைட்டை முதலில் வைக்கும், மெயின்ஃபிரேம் பெரிய பைட்டை முதலில் வைக்கும், லினக்ஸ் போட்டாலும் அது மாறாது. இன்டெல்லில் எழுதப்பட்ட நான்கு பைட் எண் 25-ஐ எஸ்390எக்ஸில் கவனமில்லாமல் படித்தால் 41,94,30,400 என்று வரும். பெரிய மென்பொருள்களில் எல்லாம் இதைச் சரிசெய்துவிட்டார்கள்: ஜாவா, நோட், கோ, போஸ்ட்கிரெஸ் எதுவும் தொந்தரவு தராது. பிரச்சினை தருவது யாரோ ஒருவர் எழுதி எல்லோரும் பயன்படுத்தும் சின்னச் சின்ன லைப்ரரிகள். அதனால் இயங்குதளத்தை மதிப்பிடுவதோடு நிறுத்தாமல், நகர்த்த நினைக்கும் அப்ளிகேஷன் நம்பியிருக்கும் பேக்கேஜ், கண்டெய்னர் இமேஜ் ஒவ்வொன்றுக்கும் எஸ்390எக்ஸ் பதிப்பு இருக்கிறதா என்று ஒரு எக்செல்லில் எழுதுங்கள். என் அனுபவத்தில் முடிவைத் தீர்மானிப்பது அந்த எக்செல்தான், ரெட்ஹாட்டா சூசேயா என்ற விவாதம் கிடையாது.

மெஷின் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். நியூயார்க் மாநிலத்தில் மாரிஸ்ட் பல்கலைக்கழகத்தில் வைத்து நடத்தப்படும் லினக்ஸ்ஒன் (லினக்ஸ் மட்டும் ஓடும் ஐபிஎம் மெயின்ஃபிரேம்) சமூக கிளவுடில் பதிவு செய்தால், உண்மையான மெயின்ஃபிரேமில் ஒரு லினக்ஸ் சர்வர் 120 நாளுக்கு இலவசமாகத் தருகிறார்கள். ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: கிளையண்டின் ஒரு ரெக்கார்டுகூட அங்கே போகக் கூடாது, பெயரை மறைத்த டேட்டாகூட வேண்டாம். காப்பி புத்தகத்தைப் பார்த்து நீங்களே ஐம்பது பொய் ரெக்கார்டு உருவாக்குங்கள், மேலே சொன்ன 5-ஐ அதில் வையுங்கள், எழுத்தும் எண்ணும் கலந்த சாவிகளை வையுங்கள். அதற்கும் அனுமதி கிடைக்கவில்லை என்றால் கெமு எமுலேட்டரில் எஸ்390எக்ஸ் உபுண்டுவை ஆபீஸ் மெஷினிலேயே ஓட்டலாம். கம்பைல் ஆகிறதா, விடை சரியா என்று பார்க்க அது போதும். வேகத்தை மட்டும் அதில் அளக்காதீர்கள், அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

நிறுவும் அனுபவத்தையும் கொஞ்சம் சொல்கிறேன், கிளையண்டின் ஆட்கள் செய்யும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டி வரலாம். ஒரே மெஷினில் பல இயங்குதளங்களை ஓட்டும் இசட்/விஎம்-க்குள் என்றால் கெர்னல், பாராமீட்டர் ஃபைல், இனிட்ஆர்டி (தொடக்க ஃபைல் தொகுப்பு) மூன்றையும் "பஞ்ச்" செய்து "ரீடரில்" வைத்து, 00சி என்ற ரீடர் முகவரியிலிருந்து ஐபிஎல் (பூட்) செய்வார்கள். கார்டு காலத்துப் பெயர்கள், இன்றைக்கும் அப்படியேதான் இருக்கின்றன, உங்களுக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும், லினக்ஸ் ஆட்களுக்குத்தான் தலை சுற்றும். 3270 என்ற மெயின்ஃபிரேம் டெர்மினல் திரையில் கன்ட்ரோல்-சி வேலை செய்யாது, ^ குறியையும் சி-ஐயும் தட்டச்சு செய்து என்டர் அடிக்க வேண்டும். விஐ எடிட்டர் அங்கே திறக்காது. நெட்வொர்க் எழும்பி எஸ்எஸ்எச் கிடைத்ததும் எல்லாம் சாதாரண லினக்ஸ் ஆகிவிடும். டிஸ்க் டாஸ்டி என்ற மெயின்ஃபிரேம் வகை என்றால் முதலில் அதற்கென உள்ள கட்டளையால் 4,096 பைட் பிளாக்காக ஃபார்மேட் செய்ய வேண்டும், மூன்று பார்ட்டிஷனுக்கு மேல் போட முடியாது.

ஒரே மெஷினில் ஆயிரக்கணக்கான லினக்ஸ் ஓடும் என்று விற்பனை ஸ்லைடுகளில் வரும். 2000 வாக்கில் ஒரே எஸ்/390-இல் 41,400 லினக்ஸ்களை ஏற்றிக் காட்டிய சோதனை உண்மையிலேயே நடந்தது, அற்புதமான வேலை, ஆனால் எத்தனை ஏற்ற முடியும் என்று பார்ப்பதற்கான சோதனை அது, அந்த லினக்ஸ்களுக்கு உங்கள் கிளையண்டின் பகல் நேரச் சுமை இல்லை. இரண்டு ஐஎஃப்எல் உள்ள இடத்தில் ஒவ்வொரு கெஸ்டுக்கும் (உள்ளே ஓடும் ஒவ்வொரு லினக்ஸுக்கும்) நான்கு மெய்நிகர் சிபியு கொடுப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு, இரண்டுக்கு மேல் கொடுக்கவே கூடாது. மெமரியையும் தாராளமாகக் கொடுக்காதீர்கள், லினக்ஸ் கொடுத்ததையெல்லாம் கேஷாகப் பிடித்துக்கொள்ளும், மற்ற கெஸ்டுகள் தவிக்கும். சோதனை ஓடும்போது டாப் கட்டளையில் "எஸ்டி" என்ற எண்ணைக் குறித்து வையுங்கள், தனக்கு வர வேண்டிய சிபியு நேரத்தில் எவ்வளவு அடுத்தவருக்குப் போய்விட்டது என்பது அது. பகல் உச்ச நேரத்திலும் அது தாழ்வாக இருந்தால்தான் மேலே கெஸ்ட் சேர்க்கலாம்.

லினக்ஸ் கல்லூரியோடு சரி என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டளைகளை இரண்டு வாரத்தில் பிடித்துவிடுவீர்கள். காம்ப்-3 ஃபீல்டைப் பார்த்தவுடன் சந்தேகப்படுகிற கண் ஒன்பது வருடத்தில் வந்தது, லினக்ஸ் மட்டும் தெரிந்த ஒருவரிடம் இந்த வேலையைக் கொடுத்தால் அவர் அதைத் தாண்டிப் போய்விடுவார்.

இன்று இரவு கிளையண்ட் அழைப்பில் அவர்களுடைய சிஸ்டம் புரோகிராமரிடம் கேளுங்கள்: ஐஎஃப்எல் இருக்கிறதா, எத்தனை, ஜாவா எவ்வளவு ஜிப்பில் ஓடுகிறது, டிஆர் மையத்தில் என்ன மெஷின், மெயின்ஃபிரேம் டிபி2-ஐ வெளியிலிருந்து அதிகம் அழைக்கும் முதல் ஐந்து அப்ளிகேஷன்கள் எவை. பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள், எந்த அப்ளிகேஷனை முதல் சோதனைக்கு எடுக்கலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.